பெயர் மாறும்வரை விற்பனை முடிவதில்லை



வீட்டுக் காரை விற்பதென்றால் அது ஆண்கள் பார்க்கும் காரியம் என்றுதான் நம்மில் பலர் இருந்தோம். விலை பேசுவதும், தரகருக்குப் பங்கு கொடுப்பதும், கையொப்பம் வைப்பதும் வெளி விறாந்தையில் நடக்கும். நாம் உள்ளிருந்து தேநீர் அனுப்புவோம். இன்று பல வீடுகளில் நிலைமை வேறு. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். உயர்தரம் படிக்கும் மகன் முற்றத்தில் நிற்கும் காரை நாலு படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறான். சற்று நேரத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்குகிறது. எடுப்பது யார்? அடுப்படியில் நிற்கும் நீங்கள்தான். காரும் உங்கள் பெயரிலேயே இருந்தால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில்தான்.

ஆகவே இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுவோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கைக்கு வந்ததும் கார் விற்றுவிட்டது என்று எண்ணாதீர்கள். வாகனப் பதிவுப் புத்தகத்திலிருந்து உங்கள் பெயர் நீங்கும் நாளில்தான் அந்த விற்பனை முடிகிறது. மற்றவையெல்லாம் அந்த நாளை நோக்கிய படிகள்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சிறு விளம்பரம் போடுவோம். இல்லாவிட்டால் வாகன விற்பனை நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். 2012இல் இக்மன் தளம் வந்தது. ரியசெவன, பேஸ்புக் மார்க்கட்பிளேஸ் போன்றவையும் இன்று வீடுதோறும் தெரிந்த பெயர்களாகிவிட்டன. இவை விளம்பரப் பலகை மாதிரி. உங்கள் விளம்பரத்தை நாடு முழுவதற்கும் காட்டும். வாங்க வருபவர் நல்லவரா, கொடுக்கும் பணம் நிஜமா, பெயர் மாற்றுவாரா என்பதற்கெல்லாம் அந்தப் பலகை பொறுப்பேற்காது. தரகர் இல்லாமல் விற்றால் தரகுப் பணம் மிச்சம்தான். ஆனால் தரகர் பார்த்த வேலையை இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் விலை. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைப் பாதுகாப்பதற்காக நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. புதிய வாகனம் வராததால் பழைய வாகனத்தின் விலை ஏறியது. வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்களும் உண்டு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆகவே 2022இல் பக்கத்து வீட்டு மாமி தன் ஆல்டோவுக்கு என்ன விலை எடுத்தார் என்பது இன்று உங்களுக்குக் கணக்கல்ல. உங்களுடைய காரின் அதே வகை, அதே உற்பத்தி ஆண்டு, அதே கியர் உள்ள பத்து விளம்பரங்களைப் பாருங்கள். அவற்றில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலையல்ல என்பதையும் மறக்காதீர்கள். ஒரு மாதமாகியும் போகாமல் நிற்கும் விளம்பரம் விலை கூடியது என்று பொருள். பதிவு செய்த ஆண்டும் உற்பத்தி ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் விளம்பரத்தில் போடுங்கள்.

அடுத்தது குறை சொல்வது. இங்கேதான் நம் மனம் தடுமாறும். "மழைக்குக் கொஞ்சம் தண்ணீர் கசியும், அதை ஏன் சொல்ல வேண்டும்? கேட்டால் சொல்வோம்" என்று தோன்றும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நமக்குத் தெரியும். மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ஈரத்தை மேலே வைப்பது என்றால் காருக்கு என்ன? விளம்பரத்திலேயே எழுதுவதுதான். எங்கே இடிபட்டது, எந்தக் கதவுக்கு டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்தது, ஏ.சி. குளிர்கிறதா, ஹைபிரிட் காரென்றால் பற்றரி மாற்றியதா இல்லையா, இதுவரை எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்று எழுதிவிடுங்கள்.

மீற்றரைத் திருப்பி ஓட்டத்தைக் குறைத்துக் காட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வரலாம். கிட்டவும் விடாதீர்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஓடிய காரை எழுபதாயிரம் என்று விற்பது, வாங்கும் குடும்பத்தின் சேமிப்பிலிருந்து எடுப்பதற்குச் சமம். அவர்களும் நம்மைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்களாக இருக்கலாம். உலகக் கணக்கிலும் இதில் லாபமில்லை. வாங்க வருபவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டுதான் வருவார். அவர் ஒரு குறையைக் கண்டுபிடித்தால் நீங்கள் சொன்ன பத்து உண்மைகளும் பொய்யாகத் தெரியும். முதலிலேயே சொன்ன குறைக்கு விலை சற்றுக் குறையலாம். ஒளித்த குறைக்கு நம்பிக்கையே போய்விடும். விளம்பரம் போடும் முன் உங்களுக்குத் தெரிந்த கராஜில் ஒருமுறை காட்டி, குறைகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பவரிடம் அதையே காட்டலாம்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பகல் வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே ஒரு பொது இடத்தில் வைத்து எடுங்கள். உங்கள் கேற், வீட்டு இலக்கம், கொடியில் காயும் உடுப்பு, முற்றத்தில் விளையாடும் பிள்ளைகள் எதுவும் படத்தில் விழ வேண்டாம். இலக்கத் தகட்டை மறைத்துவிடுங்கள். கீறல், நெளிவு உள்ள இடத்தைத் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

தொலைபேசி இலக்கம் இன்னும் முக்கியம். விளம்பரத்தில் போடும் இலக்கம் ஊர் உலகத்துக்கெல்லாம் போய்விடும். காரை விசாரிப்பதாகச் சொல்லி, இரவு பதினொரு மணிக்கு "சாப்பிட்டீர்களா?" என்று செய்தி அனுப்புபவர்களும் உண்டு. ஆகவே இதற்கென்று தனியாக ஒரு சிம் வாங்கி, வாப்பாவோ நானாவோ மகனோ பேசும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஆண் துணை இல்லாத வீடென்றால் நீங்களே பேசுங்கள், தவறில்லை. ஆனால் கணவர் வெளிநாட்டில், வீட்டில் நானும் பிள்ளைகளும் மட்டும்தான் என்ற விபரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். பேச்சு காரைப் பற்றி மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அந்தச் சிம்மைக் கழற்றி வைத்துவிடலாம்.

முதலில் வரும் அழைப்புகளில் பல தரகர்களுடையதாகவே இருக்கும். அவர்களது முதல் கேள்வி, "கடைசி விலை என்ன?" காரைப் பார்க்காதவருக்குக் கடைசி விலை சொல்ல வேண்டியதில்லை. "வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்" என்றால் போதும். சிலர் "வேறு காரோடு மாற்றுவீர்களா?" என்பார்கள். விருப்பமில்லையென்றால் ஒரே சொல்லில் மறுத்துவிடுங்கள்.

இன்னும் சில அழைப்புகள் வரும். அவற்றைக் கேட்டதுமே வைத்துவிட வேண்டும். காரைப் பார்க்காமலே முழு விலைக்கும் சம்மதித்து, முற்பணம் அனுப்ப உங்கள் வங்கி அட்டையின் இலக்கங்களைக் கேட்பவர் ஒருவர். உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டைச் சொல்லச் சொல்பவர் இன்னொருவர். அந்தக் குறியீடு உங்கள் வாட்ஸ்அப்புக்கோ வங்கிக் கணக்குக்கோ திறவுகோல். பெற்ற பிள்ளை கேட்டாலும் யோசித்துக் கொடுக்க வேண்டியதை முகம் தெரியாதவருக்குக் கொடுக்கலாமா? மற்றொருவர் பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் படம் எடுத்து அனுப்பும்படி கேட்பார். அந்தப் படங்களையும் உங்கள் கார்ப் படங்களையும் வைத்து, தானே உரிமையாளர் போலக் குறைந்த விலைக்கு வேறு விளம்பரம் போட்டு, இன்னொரு குடும்பத்திடம் முற்பணம் வாங்கி ஏமாற்ற முடியும். புத்தகத்தை நேரில் காட்டலாம். படமாக அனுப்ப வேண்டாம்.

பார்க்க வருபவரை வீட்டுக்கு அழைக்காமல், ஆட்கள் நடமாடும் இடமாகச் சொல்லுங்கள். பெற்றோல் நிலையம், பள்ளிவாசல் முன்றல், உங்களுக்குத் தெரிந்த கராஜ் எல்லாம் நல்ல இடங்கள். பகல் நேரமாக இருக்கட்டும். உங்களுடன் ஓர் ஆண் துணை இருக்கட்டும். ஓட்டிப் பார்க்கக் கேட்பார். கேட்பது நியாயம்தான். முதலில் அவரது சாரதி அனுமதிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பார்த்து விபரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் ஒருவர் பக்கத்து ஆசனத்தில் இருக்க வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கக் கூடாது. வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியான காரை ஓட்டிப் பார்க்கவும் கொடுக்காதீர்கள்.

விலை பேசி முடிந்து முற்பணம் வாங்கினால், எவ்வளவு, எந்தத் திகதி வரை, அதற்குள் மீதி வராவிட்டால் என்ன, நீங்கள் பின்வாங்கினால் என்ன என்பதையெல்லாம் எழுதி, இருவரும் கையொப்பம் வைத்து, இரண்டு சாட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நம்பிக்கைதானே" என்று வெட்கப்படாதீர்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சிகள் வைப்பதையும் அது கற்பிக்கிறது. வியாபாரம் செய்யும்போதும் சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எழுதுவது சந்தேகப்படுவதல்ல, இரு தரப்பையும் மறதியிலிருந்தும் சண்டையிலிருந்தும் காப்பது.

முற்பணம் வாங்கிய மறுநாள் இன்னொருவர் ஐம்பதாயிரம் கூட்டித் தருவதாக அழைக்கலாம். மனம் ஆடும். ஆனால் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் வேறு வியாபாரம் பேசுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. "கார் பேசி முடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். தெரிந்த ஒருவரை வாங்குபவர் போலப் பேச வைத்து விலையை ஏற்றுவதும் அப்படித் தடுக்கப்பட்டதுதான்.

பணம் வாங்கும் இடம் உங்கள் வங்கிக் கிளையாக இருக்கட்டும். பெருந்தொகையை வீட்டில் வைத்து எண்ணாதீர்கள். வங்கியில் எண்ணினால் கள்ள நோட்டுப் பயமுமில்லை, கொண்டு போகும் பயமுமில்லை. இணையவழி அனுப்பிவிட்டேன் என்று கைத்தொலைபேசியில் ஒரு பற்றுச்சீட்டுப் படத்தைக் காட்டினால் அதை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள். அப்படிப் படம் தயாரிப்பது இன்று பிள்ளை விளையாட்டு. உங்கள் கணக்கில் பணம் சேர்ந்துவிட்டதா என்று உங்கள் வங்கியிலேயே கேளுங்கள். காசோலை என்றால் அது மாறி முடியும்வரை காத்திருங்கள். வாங்குபவர் லீசிங் மூலம் எடுத்தால், பணத்தை உங்களுக்குத் தருவதாக அந்த நிறுவனம் எழுத்தில் தரும் கடிதத்தைக் கையில் வாங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். கடிதத்தை அந்த நிறுவனத்தின் கிளைக்கே போய் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது முதலில் சொன்ன விடயத்துக்கு வருவோம். நம் நாட்டில் "ஓபன் பேப்பர்" என்று ஒரு வழக்கம் உண்டு. விற்பவர் பெயர்மாற்றப் படிவங்களில் கையொப்பம் வைத்து, வாங்குபவரின் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், அதே தாள்களோடு இன்னொருவருக்கு விற்பார். அவர் வேறொருவருக்கு விற்பார். கார் நாலு கை மாறியிருக்கும். புத்தகத்திலோ உங்கள் பெயர்தான் இருக்கும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். எங்கோ ஓர் ஊரில் அந்தக் கார் ஒரு சைக்கிள்காரரை மோதிவிட்டு நிற்காமல் போய்விடுகிறது. யாரோ ஒருவர் இலக்கத்தைக் குறித்துக் கொடுக்கிறார். பொலிஸார் புத்தகத்தைப் பார்க்கிறார்கள். முகவரி உங்களுடையது. கணவர் வெளிநாட்டில். வாசலில் பொலிஸ் ஜீப் நிற்கிறது. "அந்தக் காரை எப்போதோ விற்றுவிட்டோம்" என்கிறீர்கள். யாருக்கு? பெயர் நினைவில்லை. இலக்கம் அழிந்துவிட்டது. தாளில் பெயர் எழுதவே இல்லை. உண்மை உங்கள் பக்கம் இருந்தும், அதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. அந்தக் கார் களவுக்கோ போதைப்பொருள் கடத்தவோ பயன்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2024 ஜனவரியிலிருந்து கொழும்பு நகரில் வீதிக் கமராக்கள் மூலமும் போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கிறார்கள். கமரா பார்ப்பது இலக்கத் தகட்டை. தகடு காட்டுவது புத்தகத்திலுள்ள பெயரை. ஓட்டியவர் யாரோ, கடிதம் வருவது உங்களுக்கு.

ஆகவே வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பம் வைக்காதீர்கள். வாங்குபவரின் முழுப் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் உங்கள் கண் முன்னே எழுதப்பட்ட பிறகே கையொப்பம். காரைக் கையளித்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அன்று காலை பத்து மணிக்குப் பிறகு நடந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதற்கு அது சான்றாகும். கையொப்பமிட்ட ஒவ்வொரு தாளிலும், அவரது அடையாள அட்டையிலும், பதிவுப் புத்தகத்திலும் ஒவ்வொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு நின்றுவிடவும் கூடாது. வாகனம் கை மாறினால் பழைய உரிமையாளரும் அதைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்குத் தனிப் படிவம் உண்டு. விற்று 14 நாட்களுக்குள் அதை நிரப்பி, நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புதியவர் தாமதித்தாலும் நீங்கள் உங்கள் கடமையைச் செய்தீர்கள் என்பதற்கு அந்தச் சிறு சீட்டுத்தான் சாட்சி. முடியுமானால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மீதிப் பணத்தின் ஒரு பகுதியைப் பெயர் மாற்றும் நாளில் தருவதாகப் பேசி, இருவருமே ஒன்றாகத் திணைக்களத்துக்குப் போய் வேலையை முடித்துவிடுங்கள். நல்ல மனதோடு வாங்குபவர் இதை மறுக்க மாட்டார். மறுப்பவரிடம் விற்பதா என்பதை நீங்கள் யோசியுங்கள்.

விளம்பரம் போடும் முன்பே பார்க்க வேண்டியவையும் உண்டு. லீசிங்கில் எடுத்த காரென்றால் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடைசித் தவணை கட்டிவிட்டால் அது தானாக நீங்காது. விடுவிப்புக் கடிதம் வாங்கி அதை நீக்க வேண்டும். கார் கணவர் பெயரில், அவர் வெளிநாட்டில் என்றால், அவருக்குப் பதிலாக நீங்கள் கையொப்பம் போடுவது குற்றம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் முன் ஒப்பமிட்டு அவர் அனுப்பும் அற்றோணித் தத்துவம் வேண்டும். இங்கு அதைப் பதிவும் செய்ய வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் நாள் எடுக்கும். ஆகவே அதை முதலில் முடியுங்கள்.

கணவர் மௌத்தாகிவிட்ட சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கார் அப்போதிருந்து அவரது சொத்தின் ஒரு பகுதி. கடன் அடைத்த பின் வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்குண்டு. சிறு பிள்ளைகளுக்கும் மாமிக்கும் மாமாவுக்கும் கூட உண்டு. அவசரத் தேவைக்காக யாராவது "ஓபன் பேப்பரில் முடித்துவிடலாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள். ஒரு சட்டத்தரணியிடம் போய் உரிமையை முறையாக மாற்றிவிட்டு விற்றால், எத்தீமின் பங்கும் காப்பாற்றப்படும், உங்கள் பெயரும் காப்பாற்றப்படும்.

காரைக் கொடுக்கும் நாளில் உள்ளே ஒருமுறை நன்றாகத் தேடுங்கள். பழைய காப்புறுதித் தாள், டொக்டர் துண்டு, பிள்ளையின் பள்ளிக்கூட அட்டை எதுவும் விடுபட வேண்டாம். காரின் ரேடியோவில் உங்கள் கைத்தொலைபேசியை இணைத்திருந்தால் உறவினர் இலக்கங்கள் அதில் பதிந்திருக்கும், அழித்துவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு விற்றதை அறிவியுங்கள். மீதிக் காலத்துக்கான பணம் ஏதும் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கோவை வாங்கி, உடன்படிக்கை, கையளித்த தாள், பிரதிகள், தபால் சீட்டு, வங்கிச் சீட்டு ஐந்தையும் அதில் போட்டு, காணி உறுதிகள் வைக்கும் அலுமாரியிலேயே வையுங்கள். சில வாரங்கள் கழித்து வாங்கியவரிடம் புதுப் புத்தகத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் அவரது பெயரைக் கண்ணால் பார்த்த அன்று, "அல்ஹம்துலில்லாஹ், கார் விற்றுவிட்டது" என்று கணவருக்குச் சொல்லலாம்.